மாமாவின் பின்கழுத்து

என் பெரிய மாமாவின் முகத்தைவிட அவருடைய பின்கழுத்துதான் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. தடித்து, இரண்டு மடிப்பு விழுந்து, வெயிலில் கறுத்துப்போன கழுத்து. எங்கள் குடும்பத்தில் எல்லோரும் அவரை அந்தப் பக்கத்திலிருந்துதான் அதிகம் பார்த்தோம். அவருக்கு முன்னால் யாரும் நடந்ததில்லை. அவர் நடக்க விட்டதில்லை.

அவர் என் அம்மாவின் அண்ணன். மோகனூர்ப் பக்கம் காவிரிப் பாசனத்தில் வாழையும் நெல்லும் வைத்திருந்த பெரிய பண்ணைக்காரர். மாமி காலமாகி வெகு நாளாகியிருந்தது. என் அக்காவை அவருடைய ஒரே மகனுக்குக் கொடுத்திருந்தோம். ஆகவே எனக்குத் தாய்மாமன், அக்காவுக்கு அதற்கு மேல் மாமனார். அக்காவின் திருமணத்திற்கு முன்பே என் அப்பா இறந்துவிட்டதால், எங்கள் வீட்டு நல்லது கெட்டதுக்கும் முன்னால் நின்றவர் அவர்தான். அவர் எதற்கும் முன்னால்தான் நிற்பார் என்பதால் இதைத் தனியாகப் பாராட்ட வேண்டியதில்லை.

யார் முன்னால் போவது என்பதற்கு உலகத்தில் நியாயமான விதிகள் சில உண்டு. முதலில் வந்தவர் முன்னால். அவசரம் உள்ளவர் முன்னால். வழி தெரிந்தவர் முன்னால். அரசாங்க உத்தியோகத்தில் தலை நரைக்கும்வரை இருந்த நான் இந்த விதிகளை மக்களுக்கு எடுத்துச் சொல்லியே தொண்டை வறண்டவன். மாமாவிடம் இருந்தது ஒரே விதி. அதற்கு விலக்கு கிடையாது, மேல்முறையீடும் கிடையாது.

ஊர்க்கோவில் நோம்பியில் முதல் திருநீறு அவருக்கு வர வேண்டும். ஒரு வருடம் புதிதாக வந்த பூசாரி தட்டைப் பக்கத்துத் தோட்டக்காரரிடம் முதலில் நீட்டிவிட்டார். மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். தேர் வடத்தைத் தொட்டு நகர்த்தும் முதல் கையும் அவருடையது என்பது ஊர் வழக்கம். தேர் நின்ற இடத்திலேயே நின்றது. மறுநாள் பூசாரியும் ஊர்ப் பெரியவர்களும் வாசலில் வந்து நின்றபோது, மாமா பல் துலக்கிக்கொண்டே கேட்டார்:

"என்னுங்க, சாமி நேத்தே ஊரைச் சுத்தி வந்திருச்சா?"

உலகச் சண்டைக் காலத்தில், பெட்ரோலுக்குப் பதில் கரியில் ஓடிய பஸ்கள் உங்களில் சிலருக்கு நினைவிருக்கலாம். நாமக்கல்லுக்கு ஏறி வருவதற்குள் பாதி தூரம் நாம் தள்ள வேண்டியிருக்கும். அந்தப் பஸ்ஸிலும் டிரைவருக்குப் பக்கத்து இடம்தான் அவருக்கு. அங்கே வேறு யாராவது உட்கார்ந்திருந்தால் அடுத்த பஸ்ஸில் வருவார். அடுத்த பஸ் என்று ஒன்று இருக்கிறதா என்பது கேள்வியே அல்ல. ஒரு முறை அப்படி நின்று, என் பெரியம்மாவின் சாவுக்குப் பிணம் எடுத்து முடிந்த பிறகு வந்து சேர்ந்தார். வந்தவர் கேட்ட முதல் கேள்வி, கொள்ளிச்சட்டிக்கு முன்னால் யார் நடந்தது என்பது.

இவ்வளவையும் ஊர் பொறுத்துக்கொண்டதற்குக் காரணம் ஒரு கிணறு. தூர்ந்துகிடந்த பழைய கிணற்றில் வேலைக்கு இறங்கிய ஒருவன் விஷக் காற்றில் மயங்கி விழுந்துவிட்டான். மேலே நின்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டிருந்தபோது, மாமா இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்கி அவனைத் தூக்கிக்கொண்டு ஏறினார். பொய்யில்லை. நானே பார்த்தேன். மேலே வந்ததும் வாந்தி எடுத்தார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "எவனாச்சும் எனக்கு மின்னால எறங்கினானாடா?" என்று கேட்டார். அந்த ஒரு கிணற்றை வைத்துக்கொண்டு அவர் கடைசிவரை மரியாதை அறுவடை செய்தார். அவன் உயிர் பிழைத்தது எனக்கும் சந்தோஷம்தான். ஆனால் அவர் இறங்கியது அவனுக்காகவா, அல்லது வேறொருவன் முதலில் இறங்கிவிடுவானோ என்பதற்காகவா என்று எனக்கு இன்றும் தெரியாது. குகைக்குப் போய் வந்த பிறகு அந்தச் சந்தேகம் கூடியதே தவிரக் குறையவில்லை.

கொல்லிமலையின் அடிச்சரிவில் ஒரு பெரிய குகை இருந்தது. வாய் அகலமானது, ஒரு ஜோடி மாட்டு வண்டியை உள்ளே ஓட்டலாம். போகப் போகக் குறுகி, ஓர் ஆள் ஒருக்களித்து நடக்கும் இடுக்காகிவிடும். இடுக்கைத் தாண்டினால் கோவில் மண்டபம்போல் விரிந்த பெரிய கூடம் இருக்கிறது, அதன் கூரையிலிருந்து வருடம் முழுவதும் தண்ணீர் சொட்டுகிறது என்றார்கள். திருநீற்றுத் தட்டை முதலில் வாங்கிய அந்தப் பக்கத்துத் தோட்டக்காரர் குடும்பத்தோடு அங்கே போய், இடுக்கைக் கண்டு பயந்து திரும்பி வந்திருந்தார். இதை நான்தான் ஒரு நாள் சாப்பாட்டின்போது பேச்சுவாக்கில் சொன்னேன்.

மாமா சோற்றைப் பிசைவதை நிறுத்தினார்.

"அப்போ அந்த மண்டபத்தை நம்மூர்ல ஒருத்தனும் பாக்கலை?"

"யாரும் பார்க்கலீங்க மாமா."

"அவன் குடும்பத்தோட போனானா?"

"ஆமாங்க."

"நாமளும் குடும்பத்தோடதான் போகோணும்."

அப்படித்தான் முடிவாயிற்று. மாமா, அவருடைய மகனான என் மச்சான், நான், அம்மா, பால்குடி மறக்காத பெண் குழந்தையோடு அக்கா. எல்லோரும் அவருடைய கூண்டு வண்டியில் கிளம்பினோம். வழியெல்லாம் கட்டுச்சோறும் சிரிப்புமாகத்தான் போனோம். அக்கா அப்படிச் சிரித்து நான் பார்த்தது அதற்கு முன் குறைவு. மாமனார் வண்டிக்காரனுக்குப் பக்கத்தில் முன்னால் உட்கார்ந்திருந்ததால், பின்னால் அவள் வாய்விட்டுப் பேசலாம். "உங்கப்பா மலையை ஓரமா நவுந்து நிக்கச் சொல்லுவாரு பாருங்க" என்று மச்சானிடம் அவள் கிசுகிசுக்க, அவர் புரையேறி இருமினார்.

நான் அப்போது தாலுகா கச்சேரியில் புதுக் குமாஸ்தா. சீமெண்ணெய் கிடைக்காத காலம் அது. அலைந்து திரிந்து, மாமாவின் காஸ் லைட்டுக்கும் என் அரிக்கேன் லாந்தருக்கும் எண்ணெய் சேர்த்திருந்தேன். முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று. இருட்டில் வரிசையாகப் போகிறவர்களுக்கு வரிசையின் இரண்டு முனையிலும் வெளிச்சம் வேண்டும் என்பதைச் சொல்லப் பெரிய படிப்பு வேண்டாம்.

குகை வாசலில் மாமா லாந்தரைப் பார்த்தார். "அது எதுக்கு மாப்ளே?"

"பின்னால வர்றவங்களுக்குங்க மாமா."

"நான் போற தடத்துல கால வெச்சா எதுக்கு வெளக்கு? சீமெண்ணெய் என்ன ஆத்துத் தண்ணியா? வண்டியிலயே வெச்சிட்டு வா."

மச்சான் என்னைப் பார்த்து, வேண்டாம் என்று கண்ணால் சொன்னார். லாந்தர் வண்டியோடு நின்றது.

அடுத்த தகராறு வழிகாட்டியோடு. குகைக்குள் ஆட்களைக் கூட்டிப்போய்க் காட்டும் மலைக்காரர் ஒருவர் அங்கே இருந்தார். பந்தமும் எண்ணெய்த் துணியும் தயாராக வைத்திருந்தார். வழி தெரிந்தவர் அவர் ஒருவர்தான். ஆனால் அவருக்கும் ஒரு நடைமுறை இருந்தது.

"மின்னால நாம்போயி, உள்ளிருக்கற சாமிக்குச் சூடம் பொருத்தோணுங்க. அப்பறந்தான் மத்தவங்க. எங்கப்பன் பாட்டன் காலத்து மொறைங்க இது."

"நீ பொறகால வந்து பொருத்திக்க."

"அது ஆகாதுங்க."

"எனக்கு மின்னால நடக்கறவனை நான் இன்னும் பாக்கலை."

"அப்ப நீங்களே போயிட்டு வாங்க சாமி" என்று சொல்லிவிட்டு அவர் பாறையில் உட்கார்ந்து வெற்றிலையை எடுத்தார். அம்மா சொல்லிப் பார்த்தாள்: "ஏனுங்கண்ணா, அந்தாளுக்குத்தானே வழி தெரியும்?" மாமா காதில் வாங்கவில்லை. காஸ் லைட்டை உயர்த்திப் பிடித்து நடந்தார். அவருக்குப் பின்னால் மச்சான், அடுத்து நான், எனக்குப் பின் அம்மா, கடைசியில் குழந்தையை மார்போடு கட்டிக்கொண்ட அக்கா. கடைசியாக நான் வருகிறேன் என்றேன். பெண்பிள்ளைகள்தான் கடைசி என்று பதில் வந்தது.

வாய்ப்பகுதியில் பயமில்லை. வௌவால் நாற்றமும் காலில் சேறும் மட்டும்தான். இடுக்கு தொடங்கியதும் பாறை இரண்டு தோளையும் உரசியது. வெளிச்சம் மாமாவின் முதுகில் தடைப்பட்டு, அதன் ஓரங்களில் கசிந்ததுதான் எங்களுக்கு வந்தது. அக்கா இருந்த இடத்தில் அநேகமாக இருட்டு. கையால் சுவரைத் தடவித்தான் அவள் வந்தாள். ஓரிடத்தில், "இங்கே பக்கத்துல சுவரில்லை, பள்ளமா இருக்குது, பாத்து வா" என்று அம்மா சொன்னதும், அக்கா "தெரியுதுங்கம்மா" என்றதும் எனக்கு இப்போதும் கேட்கிறது. அவர்கள் இருவரும் அந்தப் பள்ளத்துக்குப் பக்கத்தில் இருந்த நேரத்தில்தான் காஸ் லைட் உஸ் உஸ் என்று இழுத்துக் கண் மங்கத் தொடங்கியது.

திரும்ப வேண்டும். அதை மாமாவும் ஒப்புக்கொண்டார். இப்போது கடைசியில் இருந்த அக்கா, தான் நின்ற இடத்தில் அப்படியே திரும்பினால் போதும், அவள்தான் முதல் ஆள். மற்றவர்களும் திரும்பி அவள் பின்னால் நடந்தால் வந்த வழியே வாசல். வரிசை என்பது திரும்பும்போது தலைகீழாகும். ஆடுகளுக்குக்கூட அது தெரியும்.

"நான் திரும்பிக்கறனுங்க மாமா" என்றாள் அக்கா.

"நில்லு அம்மிணி. வெளக்கு மின்னால போகோணும்."

"வெளக்கைக் கை மாத்திக் குடுங்கப்பா, அவகிட்டப் போயிரும்" என்றார் மச்சான். அவர் அப்பாவிடம் வாயைத் திறந்து யோசனை சொன்னதை அன்றுதான் கேட்டேன்.

"நான் புடிச்ச வெளக்கை அவ கையில குடுத்துட்டு, நான் கடேசியா வாறதா? எல்லாரும் சுவத்தோட ஒட்டி நில்லுங்க."

ஒட்டி நின்றோம். அந்த உடம்பு எங்கள் ஒவ்வொருவரையும் பாறையோடு தேய்த்துக்கொண்டு கடந்தது. சூடான விளக்கு என் காதுக்குப் பக்கத்தில் போனது. அம்மாவைத் தாண்டினார். அக்காவிடம் வந்தார். மாமனாரின் உடம்பு தன்மேல் படக் கூடாது என்று அக்கா பின்னால் சாய்ந்தாள். சாய்ந்த பக்கத்தில் சுவர் இல்லை.

அவள் கத்தவில்லை. கல் உருளும் சத்தமும் துணி கிழியும் சத்தமும் வந்தன. மாமா பிடிக்கக் கை நீட்டியிருக்க வேண்டும். விளக்கு பாறையில் மோதிக் கண்ணாடி நொறுங்கியது. பிறகு ஒன்றும் தெரியவில்லை.

அந்த இருட்டில் நாங்கள் எதிர்பார்த்தது குழந்தையின் அழுகையை. அது வரவில்லை. அம்மா குழந்தையின் பெயரைச் சொல்லிச் சொல்லிக் கூப்பிட்டாள். என் சட்டைப்பையிலிருந்த தீப்பெட்டி நமத்திருந்தது, ஒரு குச்சி மட்டும் பற்றியது. இடுப்பளவுப் பள்ளத்தில் அக்கா மல்லாந்து கிடந்தாள். குழந்தையை இரண்டு கைகளாலும் மேலே தூக்கிப் பிடித்திருந்தாள். முழங்காலுக்குக் கீழே அவளுடைய இடது கால், கால் இருக்க வேண்டிய திசையில் இல்லை. குச்சி அணைந்த பிறகுதான் குழந்தை வீறிட்டது. மச்சான் பள்ளத்தில் இறங்கி அதை வாங்கி மேலே கொடுத்தார். அக்காவைத் தூக்க முயன்றோம். அவள் போட்ட கூச்சலில் விட்டுவிட்டோம். வெளிச்சமும் ஆளும் இல்லாமல் அவளை அங்கிருந்து அசைக்க முடியாது.

"நான் போயி அந்தாளைக் கூட்டியாரேன்" என்றார் மாமா. வாசல் பக்கம் இருந்தவர் அவர்தான். அந்தக் கும்மிருட்டில் சுவரைத் தடவிக்கொண்டு போனார். தைரியசாலி. நான் மறுக்கவில்லை.

போய்ச் சேர்ந்தார் என்பது எங்களுக்குத் தெரிந்தது. அந்த இடுக்கு, வாசலில் பேசிய பேச்சைக் குழாய் வழியாக அனுப்புவதுபோல் உள்ளே அனுப்பியது.

"எந்திரி. பந்தத்தைப் பொருத்து. உள்ளே மருமவ உழுந்து கெடக்கறா."

"அடடா... வாங்க, போலாங்க."

நாங்கள் மூச்சுவிட்டோம். அடுத்த பேச்சும் தெளிவாகவே வந்தது.

"பந்தத்தை எங்கிட்டக் குடு."

"நீங்க பொறகால வாங்க சாமி. நாம்போறன் மின்னால."

"பொறகாலயா?"

"எடமறியாம இன்னொருக்கா உழுந்தா ஆருங்க பதில் சொல்றது? அதுமில்லாம, சூடம் பொருத்தாம ஆரையும் உடமாட்டனுங்க."

"நான் இப்பத்தான் தனியாப் போயி வந்தவன்டா! எனக்கா வழி தெரியாது?"

"போயி வந்த சீரைத்தான் சொல்றீங்களே!"

"ஏன்டா, வாயி நீளுது?"

பேச்சு அப்படியே நீண்டது. அம்மா இருட்டில் தலையில் அடித்துக்கொள்ளும் சத்தம் கேட்டது. மச்சான், "அப்பா! அப்பா!" என்று கத்தினார். எங்கள் சத்தம் வெளியே போகவில்லையோ, போயும் பயனில்லையோ. அக்கா என் கையைத் தேடிப் பிடித்தாள். அவள் கை சில்லிட்டிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாள்:

"தம்பி, அவங்க ரெண்டு பேருத்துல ஆராச்சும் ஒருத்தரை வரச் சொல்லு. ஆரா இருந்தாலும் செரி."

வந்தது மலைக்காரர். தனியாக. வாசலில் சூடத்தைக் கொளுத்திக் கும்பிட்டுவிட்டுத்தான் வந்தார் என்பதை அவர் கையிலிருந்த வாசனையில் தெரிந்துகொண்டேன். அவருடைய நடைமுறையும் குறையில்லாமல் நிறைவேறியது. என் வேட்டியைத் தொட்டில்போல் கட்டி, நாங்கள் மூவரும் அக்காவைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தோம். மாமா வாசலிலேயே நின்றிருந்தார். இன்னொருவன் பின்னால் நடந்து போவதைவிட, உள்ளே போகாமலிருப்பது அவருக்கு எளிதாக இருந்திருக்கிறது. நான் கோபம் என்று எதைச் சொல்கிறேனோ அது அந்த இடத்தில் தொடங்கியது. இன்றுவரை முடியவில்லை.

கோபத்துக்கும் ஒரு நேர்மை வேண்டும், ஆகவே இதையும் எழுதுகிறேன். ஆஸ்பத்திரியில் கூட்டம் வாசல்வரை நின்றது. மாமா ஒருவரையும் பார்க்காமல் நேராக டாக்டர் அறைக்குள் போனார். எங்களுக்கு முன்னால் வந்து காத்திருந்த எத்தனையோ பேரைத் தாண்டி அக்காவைத்தான் முதலில் கவனித்தார்கள். அந்த வரிசையில் நின்றவர்களில் எவருக்கு என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரியாது. அன்று அதைப் பற்றி நினைக்க எனக்கும் தோன்றவில்லை.

காலைக் கட்டி நாமக்கல்லில் எங்கள் வீட்டுக்கே அவளைக் கொண்டுவந்தோம். எலும்பு சேர்ந்தது, ஆனால் நேராகச் சேரவில்லை. மோகனூரிலோ வேறு கதை வளர்ந்துகொண்டிருந்தது. எல்லோரும் இருட்டில் மாட்டிக்கொண்டார்கள், அவர்தான் கையால் தடவித் தடவி வெளியே வந்து ஆளை அனுப்பி எல்லோரையும் காப்பாற்றினார் என்று. கிணற்றோடு குகையும் சேர்ந்துவிட்டது. கச்சேரிக்கு வந்த அந்தப் பக்கத்து ஆள் ஒருவர் என்னிடமே சொன்னார்: "உங்க மாமா இல்லாட்டி உங்க குடும்பமே போயிருக்குமாமுங்க?" நான் அவருடைய மனுவில் விடுபட்டிருந்த கையெழுத்தை மட்டும் சுட்டிக்காட்டினேன்.

கட்டுப் பிரித்த பிறகு மாமா அவளை அழைத்துப்போக வந்தார், மகனையும் கூட்டிக்கொண்டு. மோர் குடித்தார். மழை, வாழை, ராணுவத்துக்கு நெல் எடுப்பது பற்றிப் பேசினார். காலைப் பற்றி ஒரு சொல் இல்லை. மச்சான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். முந்தின நாள் இரவு அக்கா சாப்பிடாமல் படுத்திருந்தாள். போனால் ஆயுள் முழுவதும் அந்த முதுகுக்குப் பின்னால். போகாவிட்டால் புருஷன் போய்விடுவானோ என்று அம்மா அவளிடம் கேட்டிருந்தாள்.

மாமா எழுந்தார். "நல்ல நேரம் போகுது. கெளம்பு அம்மிணி."

அக்கா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, நிலையைப் பிடித்தபடி வாசலுக்கு வந்தாள்.

"நீங்க போயி ஏறுங்க மாமா" என்றாள்.

அவர் செருப்பை மாட்டினார், நடந்தார், திரும்பிப் பார்க்காமல் வண்டிக்காரனுக்குப் பக்கத்தில் ஏறி உட்கார்ந்தார். அம்மா கட்டிக்கொடுத்த பலகாரக் கூடை பின்னால் ஏறியது. மச்சான் வண்டியின் பின்படியில் ஒரு காலை வைத்து, மனைவிக்குக் கை கொடுக்கத் திரும்பினார். அக்கா நிலையிலிருந்து நகரவில்லை. கூப்பிடவும் இல்லை. சும்மா அவரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மச்சான் அவளைப் பார்த்தார், கூண்டுக்குள் பார்த்தார், பிறகு படியிலிருந்து காலை எடுத்துத் தரையில் வைத்தார்.

வண்டிக்காரன் கழுத்தை வளைத்துப் பின்னால் எட்டிப் பார்த்தான். அக்கா, ஓட்டு என்று கையை வீசினாள். அவன் ஒரு கணம் எஜமானரின் முகத்தைப் பார்த்தான். பிறகு மாடுகளைத் தட்டினான்.

தெரு முனையில் ஒரு சாக்கடைப் பள்ளம் உண்டு. வண்டி அதை நெருங்கும்போது மாமாவின் குரல் எங்களுக்குக் கேட்டது, அதட்டலாக இல்லை, வழக்கத்தைவிடக் கொஞ்சம் மெதுவாகவே:

"அம்மிணி, பள்ளம் வருது. கொழந்தைய மடியில வெச்சு நல்லாப் புடிச்சுக்க."